விளக்கு ஓடிய நேரம்

"விளக்கை மாற்றிவிட்டீர்களா?" என்று புரொஜெக்டர் கேட்டது.

வாயால் கேட்கவில்லை. ஜன்னலை மறைத்துக் கட்டியிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல், முழ உயர எழுத்தில் கேட்டது. கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பெட்டிகள்.

முயுண்டா ரிமோட்டைப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மோங்கு நகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அதுவும் ஒரு இயந்திரத்திடம் சொல்ல வேண்டி வரும் என்று நினைத்ததேயில்லை.

"மாத்திட்டேன்னு சொன்னா உனக்கு என்ன நஷ்டம்?" என்று அதனிடம் கேட்டுவிட்டு, 'ஆம்' என்பதை அமுக்கினார்.

விளக்கு ஓடிய நேரம் சைபர் ஆனது.

எல்லாம் அன்று மதியம் தலைமை ஆசிரியை நலிஷெபோ சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது.

"முயுண்டா சார், நாளைக்குக் காலையில எல்லா டீச்சர்ஸுக்கும் அந்த மெஷினைப் பத்தி ஒரு வகுப்பு எடுத்துருங்க. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு தூரத்துல வைக்கணும், எதைச் செய்யக் கூடாது, எல்லாம்."

"செஞ்சிடலாம் மேடம்."

"முக்கியமா அந்த விளக்கு. பரிசளிப்பு விழா அன்னிக்கு நானே பாத்தேன், பதினொரு மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டுச்சு. இப்ப எவ்வளவு, இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்? நல்லா கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க."

எல்லாரும் கேட்கிறார்களாம்! முயுண்டாவுக்குக் காது இரண்டும் சுட்டன.

அவர் லிவிங்ஸ்டனிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மனைவி நமசிகு அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு மாற்றல் கிடைக்கவில்லை. மகளும் அம்மாவோடு தங்கிவிட்டாள். முயுண்டா ஒரு பெட்டி, ஒரு லாப்டாப், இரண்டு பாத்திரங்களோடு ஆசிரியர் குடியிருப்பின் கோடி வீட்டுக்குக் குடி வந்தார். வந்த வாரமே புரொஜெக்டரும் அவர் தலையில் விழுந்தது. "ஸ்டோர் ரூம்ல மணல் வந்து அடைக்குது. நீங்க தனி ஆள்தானே, வீட்டுல பத்திரமா வச்சிக்கங்க" என்றார் நலிஷெபோ. வைத்துக்கொள்ளத்தான் சொன்னார். போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை.

முதலில் முயுண்டா கையேட்டை மட்டும்தான் படித்தார். மூவாயிரம் லூமென்ஸ் வெளிச்சம். எரியும்போது லென்ஸுக்குள் நேராகப் பார்க்கக் கூடாது. காற்றுத் துவாரத்தை எதைக் கொண்டும் மூடக் கூடாது. அணைத்த பிறகு உள்ளே விசிறி நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது. சூடாக இருக்கும்போது தூக்கக் கூடாது. இத்தனை 'கூடாது'களை ஒரே இடத்தில் அவர் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் கேட்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் சும்மா போட்டுப் பார்த்தார். லாப்டாப்பில் இருந்த மகளின் நடனம். சுவர் பச்சை வர்ணம். மகள் காமாலை வந்தவள்போல் தெரிந்தாள். மனசு கேட்கவில்லை. வெள்ளை விரிப்பை எடுத்து, வீட்டிலேயே பெரிய ஜன்னலான பின்பக்க ஜன்னலில் கட்டினார். மகளுக்கு நிறம் திரும்பி வந்துவிட்டது. முற்றத்தில் போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்க்கவும் வழியில்லை என்பது கூடுதல் நிம்மதி.

அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது. இருட்டியதும் சோளக்களியும் மீனும் தட்டில் போட்டுக்கொண்டு விரிப்புக்கு எதிரே உட்காருவார். மச்சினன் கொடுத்த நைஜீரியா தொடர் ஒன்று இருந்தது. பேச்சு புரியாது, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். மாமியாருக்கு விஷம் வைக்கப் பார்க்கும் மூத்த மருமகளிடம், "அடிப்பாவி, நீயும் ஒருநாள் மாமியார் ஆவே" என்று சத்தம் போடுவார். கல்யாணக் காட்சி வந்தால் எழுந்து கூடவே ரெண்டு எட்டு ஆடுவார். கடைசியில் ஒரு சின்ன வீடியோ. நமசிகு அடுக்களையில் நின்று, "என்னத்தப் பாக்கறீங்க, சாப்டாச்சா?" என்று கேட்பாள். மகள் எடுத்தது. அவ்வளவுதான் அதில் இருந்தது. "சாப்டாச்சு" என்று பதில் சொல்லிவிட்டு, விசிறி நிற்கும் வரை இருட்டில் காத்திருப்பார்.

பேசுவதற்கு வேறு ஆள் இல்லை. குடியிருப்பில் அவரை யாருக்கும் பிடிக்கவில்லை என்பதில் சந்தேகமே கிடையாது. தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். தாண்டிப் போனதும் பின்னால் சிரிப்பு வெடிக்கும். பக்கத்து வீட்டு மரவேலை ஆசிரியர் லுபிண்டா ஒருநாள் அந்த ஊர் வழக்கப்படி கை தட்டி வணக்கம் சொல்லிவிட்டு, "சாருக்கு இடுப்பு நல்லா வளையுது போலிருக்கே" என்றார். முயுண்டா தன் நடையைத்தான் கிண்டல் செய்கிறார் என்று அதற்கப்புறம் விறைத்துக்கொண்டே நடந்தார்.

இப்போது லுபிண்டாவோ வேறு யாரோதான் மேடத்திடம் கோள் மூட்டியிருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், கணக்கு இருநூற்றுச் சொச்சம் காட்டியது. அதனால்தான் அந்தப் பொய்.

சைபரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டார். பிறகுதான் உறைத்தது. பதினொன்று காட்டினதை மேடம் கண்ணால் பார்த்திருக்கிறார்! பதினொன்று எப்படிச் சைபர் ஆகும்? புது விளக்கு போட்டால்தான் ஆகும். அப்படியானால் பழைய விளக்கு எங்கே என்பார். விற்றுத் தின்றுவிட்டான் என்பார்கள்.

ஒரே வழிதான் இருந்தது. விடியும் வரை ஓட விட்டு, பதினொன்றுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். லாப்டாப்பைக்கூட இணைக்காமல், சும்மா நீல வெளிச்சம் மட்டும் விழும்படி விட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கரண்ட் போய்விட்டது.

புரொஜெக்டருக்குள் விசிறியும் நின்றது. உள்ளே விளக்கு கொதித்துக்கொண்டிருக்கும்! முயுண்டா இருட்டில் தடவி ஒரு தட்டை எடுத்து, காய்ச்சல்காரக் குழந்தைக்கு வீசுவதுபோல் வீசினார். தட்டில் மத்தியானத்து மீன் முள் இருந்தது வீச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

மின்வெட்டு என்றால் கரண்ட் லேசில் திரும்பாது. குடியிருப்பில் ஜெனரேட்டர் வைத்திருப்பது லுபிண்டா ஒருவர்தான். கோள் சொன்னவனிடமே போய்க் கையேந்துவதா? வேறு வழியில்லை. முயுண்டா முள்ளைத் தட்டிவிட்டுப் போய்க் கதவைத் தட்டினார்.

"லுபிண்டா சார், ஒரு உதவி. உங்க ஜெனரேட்டர்..."

"எடுத்துக்கங்க சார்!" வாக்கியம் முடியும் முன்பே லுபிண்டா அதை வாசலுக்கு இழுத்து வந்துவிட்டார். "நீங்க தூக்காதீங்க, நான் கொண்டாறேன். ஏ இனோங்கே! பெட்ரோல் இருக்கா பாரு!"

"ரொப்பி வச்சிருக்கேன்" என்று உள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்.

எதற்கு என்று அவர்கள் கேட்கவேயில்லை. முயுண்டாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. கேட்காதவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

லுபிண்டா ஜெனரேட்டரை மூன்று வீடு தள்ளிக் கொண்டுபோய் வைத்து, ஒயரை நீளமாக இழுத்தார்.

"இங்கயே வாசல்ல வச்சா போதாதா?"

"வேணாம் சார். சத்தம். புகை வேற." லுபிண்டா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காது கேக்கணும்ல."

யார் காது, எதைக் கேட்க வேண்டும் என்று முயுண்டா யோசிப்பதற்குள் ஜெனரேட்டர் உறுமியது. மின்சாரம் வந்தது, ஆனால் நின்று நிதானமாக வரவில்லை. பல்பு மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கியது. சீரில்லாத மின்சாரத்தில் ஓட்டக் கூடாது என்று கையேட்டில் தனிப் பக்கமே இருந்தது. முயுண்டா அந்தப் பக்கத்தை மனதுக்குள் மூடிவிட்டுப் போட்டார். நீலம் விழுந்தது.

ஐந்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. இனோங்கே. கையில் மூடி போட்ட கிண்ணம்.

"பொரிச்ச மீன் சார். தெனமும் கருவாட்டையே தின்னா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"தெனமும் கருவாடுன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"வாசன வருதுல்ல." அவள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "லாப்டாப் ஏதும் கெட்டுப்போச்சா சார்?"

"இல்லையே. ஏன்?"

"சும்மாதான். நல்லா இருந்தா சரி."

போய்விட்டாள். முயுண்டா கதவைத் தாழிட்டு அதன் மேல் சாய்ந்தார். வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்! வெறும் நீலத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று இப்போது மேடத்துக்குச் செய்தி போயிருக்கும். நாளைய வகுப்புக்குத் தயார் செய்வதுபோலாவது காட்டிக்கொள்ள வேண்டும். லாப்டாப்பை இணைத்தார். நேற்று விட்ட இடத்திலிருந்து, மூத்த மருமகள் கையில் கஷாயத்தோடு கதவருகே நின்றாள்.

அப்போதுதான் பூச்சிகள் வந்தன. ஊரே இருட்டில் கிடக்க, இந்த ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். கதவு இடுக்கு வழியாக ஈசல் சாரி சாரியாக வந்து, லென்ஸை மொய்த்து, காற்றுத் துவாரத்துக்குள் புகப் பார்த்தது. மருமகளின் முகமெல்லாம் இறக்கை முளைத்தது. முயுண்டா துண்டால் அடித்தார். துண்டு புரொஜெக்டரைத் தட்டிக் கோணலாக்கியது. மாமியார் கூரைக்கு ஏறினாள். கடைசியில் பழைய கொசுவலையில் ஒரு துண்டைக் கிழித்து, நான்காக மடித்து, துவாரத்தின் மேல் கட்டினார்.

ஈசல் நின்றது. காற்றும் நின்றது.

மாமியார் கஷாயத்தை உதட்டருகே கொண்டுபோன நேரத்தில் படம் மறைந்தது. சிவப்பு விளக்கு ஒன்று மினுக் மினுக் என்று எரிந்தது. பிளாஸ்டிக் இளகுகிற வாடை. அதிகச் சூடு என்று அதற்கு அர்த்தம். இதுவும் கையேட்டில் இருந்தது. அப்படியே விட்டு ஆற வைக்க வேண்டும் என்பதும் இருந்தது. முயுண்டா பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார், சுடச்சுட இயந்திரத்தைத் தூக்கினார், கை சுட்டதும் கட்டிலில் போட்டார், மெத்தை கருகுமோ என்று மறுபடி தூக்கித் தரையில் வைத்தார். செய்யக் கூடாதவை என்று எத்தனை உண்டோ, நாளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை அத்தனையையும் ஒரே நிமிடத்தில் செய்து முடித்தார்.

அவசரத்தில் கால் பட்டு பல்பின் ஒயரும் எங்கோ கழன்றுவிட்டது. வீடு இருண்டது.

இருட்டில் நமசிகுவுக்குப் போன் செய்தார்.

"வார்டுல இருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க. என்ன?"

"ஒண்ணுமில்ல. உன் குரலைக் கேக்கலாம்னு..."

"என்ன ஆச்சு? ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நமசிகு, வேலைய விட்டுட்டு அங்கேயே வந்துடட்டுமா?"

அந்தப் பக்கம் யாரோ நோயாளி அலறினான். "விளையாடாதீங்க. அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிட்டாள்.

முயுண்டா தரையில், அந்தச் சூடான பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். போனால் போகட்டும் வேலை. அவமானம்கூடப் போகட்டும். நாளைக்கு இதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் இந்த வீட்டில் என்ன செய்வது? யாரைத் திட்டுவது? யாருக்கு, சாப்டாச்சு என்று சொல்வது? பெட்டியின் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தார். இன்னும் சூடாகத்தான் இருந்தது. யாரோ ஒரு ஆள் பக்கத்தில் இருப்பதுபோல.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். மேடம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்தார்.

வாசலில் இனோங்கே நின்றிருந்தாள். கக்கத்தில் சுருட்டிய பாய். முற்றத்து இருட்டில், அவர் வீட்டுப் பின்பக்க மூலையிலிருந்து லுபிண்டாவின் தலை, அதற்கு மேல் இன்னும் ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"அம்மா," என்றார் முயுண்டா, குரல் உடைந்து. "மெஷின் சூடாகி நின்னுபோச்சு. எல்லாம் என் தப்புதான்."

"ஆறட்டும் சார், நாங்க எங்க போகப்போறோம்?" என்றாள் இனோங்கே. "ஆனா இன்னிக்காவது அந்த எழுத்து ஜன்னலுக்கு வெளிய எங்களுக்கு நேரா தெரியற மாதிரி திருப்பி வைங்க. ரெண்டு மாசமா நம்ம நலிஷெபோ மேடம் கைக்கண்ணாடியைப் புடிச்சிப் புடிச்சித்தான் எங்க எல்லாருக்கும் படிச்சுச் சொல்றாங்க, பாவம், அவங்களுக்குக் கழுத்தே சுளுக்கிப்போச்சு!"