இரண்டாம் பந்திக்குக் கைதட்டியவன்

கல்முனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

பெருமதிப்புக்குரிய மச்சான் நஸீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்களுக்கும் ராத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் வல்ல நாயன் குறைவில்லாத சுகத்தைத் தந்தருள்வானாக. இங்கு மனைவி நிப்லா சுகம். நான் சுகம் என்று எழுத மனம் வருகுதில்லை. மாகாணக் கல்விக் கந்தோரில் தாங்கள் பெரிய கதிரையில் இருப்பதால் ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன்: என்னைப் பாடசாலை ஆலோசகர் வேலையிலிருந்து எப்படியாவது கழற்றிவிட வேண்டும்.

அந்த வேலை எனக்கு வந்த விதத்தை மறைக்காமல் சொல்கிறேன். கல்விச் சட்டவரைபு ஒன்று வருகிறதல்லவா, முதலாம் பந்தியில் ஆசிரியர் சம்பள உயர்வு, இரண்டாம் பந்தியில் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு ஆலோசகர், தனி அறை, பிள்ளை சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்ற விதிகள். அதை விளங்கப்படுத்த எங்களையெல்லாம் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். சம்பளப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவன் நான் எண்டதால அங்கயும் முன்வரிசையிலயே இருந்தன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகிட்டு. முழிச்சா, அதிகாரி எதையோ வாசிச்சி முடிச்சிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார். சம்பளம்தான் எண்டு நினைச்சி எழும்பி நிண்டு கை தட்டினன். வேற ஒருத்தரும் தட்டல்ல. அவர் வாசிச்சது இரண்டாம் பந்தி. சட்டம் வரமுன்னமே பரீட்சார்த்தமா ஆலோசகர் வேலை செய்ய ஆருக்கு விருப்பம் எண்டு கேட்டிருக்கார். எங்கட அதிபர் நதீரா மெடம் அந்த நிமிசமே என்ட பேரை எழுதிக் குடுத்திட்டா.

மூணு நாள் பயிற்சி. அதில படிச்சது ஒண்டே ஒண்டுதான்: வாயை மூடிக்கொண்டு கேக்கோணும். இருபத்தெட்டு வருசமாக் கணக்குப் படிப்பிக்கிற மனுசனுக்கு இது மூச்சை நிப்பாட்டச் சொன்ன மாதிரி. வீட்டில நிப்லாவோட பழகிப் பார்த்தன். அவ மாவடிப்பள்ளி வயலுக்குத் தண்ணி வராத கதையைச் சொல்ல, நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தன். அஞ்சு நிமிசத்தில அவ பயந்துபோய், பிரஷர் கூடிட்டா எண்டு கேட்டா. பாடசாலையில எனக்கு அறை எண்டு தந்தது விளையாட்டுச் சாமான் கிடக்கிற அறை. முதல் கிழமை வந்த ஒரே ஆள் உடற்பயிற்சி ஆசிரியர் றிபாஸ். வலைப்பந்து எடுக்க வந்தவர், இருந்து ஒரு பாடவேளை முழுக்கச் சம்பளத்தைப் பத்திக் கதைச்சார். நானும் பயிற்சியை மறந்து அவரை விடக் கூடக் கதைச்சன்.

ரெண்டாம் கிழமை தரம் பத்துப் பிள்ளை ஒண்டு வந்திச்சி. பேர் சொல்லமாட்டன், சட்டம். படிப்பை நிப்பாட்டப் போறன், வீட்ட சொல்ல முன்ன ஆருக்காவது சொல்லோணும் போல இருந்திச்சி எண்டாள். ஏன் எண்டு கேட்டன். ஒரு பாடத்துக்குப் பயம், அந்தப் பாடம் உள்ள நாளில காலையில தின்னதெல்லாம் சத்தியா வெளிய வருது, அந்தச் சேரைக் கண்டாலே படிச்சதெல்லாம் மறந்துபோகுது எண்டாள். எனக்குக் கோபம் வந்திட்டு. ஆர் அந்த ஆள், நான் போய்க் கதைக்கிறன் எண்டன்.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கதான் சேர்."

பிறகு ஏன் என்னட்டயே வந்தாய் எண்டு கேட்டன். அறிவித்தல் பலகையில ஆலோசகர் எண்டு உங்கட பேர்தானே போட்டிருக்கு எண்டாள். மச்சான், நான் கண்டிப்பு, எல்லாம் பிள்ளைகள்ட நன்மைக்குத்தான் எண்ட பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்திச்சி. விழுங்கினன். ஒன்பதாம் தரத்தில அவள்ட விடைத்தாளைத் தூக்கிப் பிடிச்சி நான் சத்தமா வாசிச்சனாம். வகுப்பே சிரிச்சதாம். "நானும் சிரிச்சன் சேர். அழுதா இன்னும் சிரிப்பாங்க." எனக்கு அது ஞாபகமே இல்ல. மணி அடிக்குமட்டும் ஒரு சொல்லும் கதைக்காமக் கேட்டன். அதைப் பயிற்சியின்ட திறமை எண்டு நினைச்சிராதீங்க, வாயைத் திறந்தா என்ட நியாயம்தான் வந்திருக்கும், அவ்வளவுதான்.

பிறகு படிவம் நிரப்போணும். சம்பந்தப்பட்ட ஆசிரியருடன் கதைக்கப்பட்டதா எண்டு கேட்டிருந்திச்சி. ஓம் எண்டு எழுதினன். ஆசிரியரின் மனநிலை எண்ட இடத்தில நாலு வரி விட்டிருந்தாங்க. இடம் காணாம, பின்பக்கமும் எழுதினன்.

அடுத்த நாள் வகுப்பில, ஒருத்தரையும் பார்க்காம, கரும்பலகைக்குச் சொல்ற மாதிரிச் சொன்னன்: ஓ.எல். சோதினையில கணக்குப் பாடம் நான் முதல் முறை பெயில். என்ட கூடப்பிறந்த ராத்தாவுக்கு மட்டும் தெரிஞ்ச விசயம், இப்ப ஊருக்கே தெரியும். இனி ஒருத்தர்ட தாளையும் தூக்கிக் காட்டமாட்டன், காட்டினதுக்கு மன்னிச்சிக்கொள்ளுங்க எண்டன். முதல்ல கடைசி வாங்குப் பிள்ளைகள் சிரிச்சிதுகள், பிறகு வகுப்பே சிரிச்சிது, அவளும் சிரிச்சாள். இந்த முறை பயத்தில சிரிக்கல்ல எண்டு நினைக்கிறன். படிப்பையும் நிப்பாட்டல்ல. போன சோதினையில முப்பத்தெட்டுப் புள்ளி, பாஸ்.

இப்ப விளங்குதா நான் ஏன் விலகப் பார்க்கிறன் எண்டு? ஒரு பிள்ளை வந்ததுக்கே நெஞ்சு இந்தப் பாடுபடுது. இத்தனை வருசத்தில இன்னும் எத்தினை பேரைப் பயத்தில சிரிக்க வச்சனோ, அதுகளும் வந்தா என்னால ஏலாது. டிப்ளோமா முடிச்ச, பொறுமையான ஒராளைப் போடச் சொல்லுங்க. எனக்கு முதலாம் பந்திச் சம்பளம் மட்டும் போதும்.

ராத்தாவின் முழங்கால் நோவு இறங்க இருவரும் துஆச் செய்கிறோம். பிள்ளைகளுக்கு எங்கள் ஸலாம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மைத்துனன்,
ஜெமீல்.

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன்னம் நதீரா மெடம் போன்ல கோல் எடுத்தா. சட்டவரைபை ஒத்திவச்சிட்டாங்களாம், சம்பள உயர்வும் இல்லையாம், ஆலோசகர் வேலையும் இண்டையோட முடிஞ்சிதாம். அதனால மேலே எழுதின எல்லாத்தையும் விட்டிடுங்க மச்சான். சம்பளம் வாற நேரம் வரட்டும். இந்த வேலையை மட்டும் என்னட்ட இருந்து எடுக்காமப் பார்த்துக்கொள்ளுங்க, சும்மாவே செய்றன். திங்கக்கிழமை வரலாமா சேர் எண்டு இன்னும் ரெண்டு பிள்ளைகள் கேட்டிச்சிதுகள். ஓம் எண்டு சொல்லிட்டன்.