சந்தனம் பூசிய துவக்கும் தங்கள் வலது கால் சப்பாத்தும்

வோபர்ன், ஸ்காபரோ
27.10.1996

பெருமதிப்பிற்குரிய திரு. ஜெயரட்ணம் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் துணைவியார் திருமதி இராஜேஸ்வரி அவர்களும் மகன் ராகுலனும் கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து அஜக்ஸுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அவசரத்தில் விட்டுச் சென்ற வலது கால் சப்பாத்து எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. துடைத்து, வடிவம் கெடாமல் உள்ளே கடதாசி அடைத்து வைத்திருக்கிறேன். என் எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் எழுதியிருக்கிறேன்.

என் மகள் கஜனியைத் தங்கள் மகனுக்குக் கேட்டு வந்த இடத்தில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், அவலுக்கும் கடலைக்கும் நடுவில் ஒரு கைத்துவக்கைக் கண்டீர்கள். கண்டதும் புறப்பட்டீர்கள். அதற்குப் பிறகு நான் எடுத்த ஆறு தொலைபேசி அழைப்புகளுக்கும் பதில் இல்லை. தங்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த நகரத்தில் எங்கள் பொடியள் சிலர் செய்கிற வேலைகளைப் பத்திரிகையில் பார்க்கிற எவரும், துவக்கு வைத்திருக்கிற தமிழனோடு சம்பந்தம் வைக்கத் தயங்கத்தான் செய்வார்கள். ஆனால் ஐயா, நான் சண்டியன் அல்ல. கதவுப் பிணைச்சல் செய்கிற தொழிற்சாலையில் பிசிறு அராவுகிற ஐம்பத்தேழு வயதுக்காரன்.

அந்தத் துவக்கு என் கைக்கு வந்த கதை இதுதான். என்னோடு வேலை செய்கிற மன்னார்க்காரர் நீக்கிலாஸ் ஒரு குறிசூட்டுக் கழகத்தில் உறுப்பினர், சனிக்கிழமைகளில் போய்க் கடதாசி வட்டங்களைச் சுட்டுவிட்டு வருவார், ஒருநாள் “சும்மா வந்து பாருமன் ஐசே” என்று என்னையும் ஏற்றிக்கொண்டு போனார், நானும் போனேன், பிறகு வகுப்பு, அதற்கொரு சோதனை, படிவம், படிவத்துக்கு இரண்டு பேருடைய நற்சாட்சி, இவ்வளவும் போதாதென்று பொலிசார் என் மனைவி சந்திரவதனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு உங்கள் கணவர் கோபக்காரரா என்று விசாரிக்க, அவள் தமிழிலேயே “அவர் கோவிச்சால் ஆருக்கும் விளங்கிறேல்லை” என்று சொல்ல, கஜனி அதை மொழிபெயர்க்க, அனுமதி வந்து சேர்ந்தது. பதிவுப் பத்திரம் என் பெயரில் முறைப்படி இருந்தது.

வாங்கியது பழைய ஒன்பது மில்லிமீற்றர். ஒரு குண்டு போனால் அடுத்தது தானாக ஏறி நிற்கிற வகை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சுடுவதில் அவ்வளவு ஆசை இல்லை, திருத்துவதில்தான் ஆசை. உள்ளே இருக்கிற சுருள்வில்லை மாற்றினேன். முன்குறி கண்ணுக்குத் தெரியவில்லை என்று கஜனியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துப் பூசினேன். பிடி இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக், கை வியர்த்தால் வழுக்கியது. நல்ல பலாமரத்தில் பிடி போட வேண்டும் என்று மனம் அலைந்தது. ஸ்காபரோவில் பலாமரத்துக்கு எங்கே போவது? வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சந்திரவதனா விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த தேங்காய்த் திருவலை. தேங்காய் திருவ இவ்வளவு நீளப் பலகை தேவையில்லை என்று நினைத்து, பின்பக்கம் ஒரு சாண் அறுத்தேன். அறுத்த பிறகுதான் தெரிந்தது, அதில் குந்தினால் ஆள் குடைசாய்வார் என்று. மூன்று கிழமை அவளுக்கு என்னோடு பேச்சு இல்லை. தேங்காய்ப்பூ பைக்கற்றில் வாங்கினோம். பிடி மட்டும் அச்சொட்டாகப் பொருந்தியது. இவ்வளவும் செய்து, பதினெட்டு மாதத்தில் நான் வட்டத்துக்குள் போட்டவை நான்கு குண்டுகள். அதில் ஒன்று பக்கத்து ஆளின் வட்டம். கழகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ், மிகப் பாதுகாப்பான உறுப்பினர் என்பது.

பூசை நாளுக்கு வருகிறேன். எங்கள் சாமியறை உடுப்பு அலுமாரிக்குள் இருக்கிறது என்பதைத் தாங்கள் பார்த்தீர்கள். படத்துக்கு முன்னால் சந்திரவதனா கஜனியின் புத்தகங்கள், கத்தரிக்கோல், கார்த் திறப்பு, என் அரம், றைஸ் குக்கர் எல்லாவற்றையும் அடுக்கினாள். என் கைபட்டுத் திருந்திய பொருள் என்பதால் நான் துவக்கையும் அரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே குண்டு இல்லை. விசையில் பூட்டு. திறப்பு என் சட்டைப்பையில். அவள் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாள், என்னுடையதற்கு நிறையவே வைத்தாள். கொஞ்சம் தவறிப் பூட்டுக்குள்ளும் போய்விட்டது.

நான்கு மணிக்கு வருவதாகச் சொன்ன தாங்கள், நாலுநூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகனமே இல்லையென்று மூன்றுக்கு வந்தீர்கள். துவக்கை எடுத்துப் பெட்டியில் வைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. தேத்தண்ணி குடித்தீர்கள். பிறகு துணைவியார் கும்பிட வேண்டும் என்று அலுமாரியைத் திறந்தார். தாங்கள் எட்டிப் பார்த்து, “உதென்ன, விளையாட்டுச் சாமானோ?” என்று கேட்டீர்கள். படத்துக்கு முன்னால் பொய் சொல்லக்கூடாது. “இல்லை ஐயா, உண்மையானதுதான்” என்றேன். துணைவியார் கத்தினார். “பயப்பிடாதேங்கோ, வெறுமையாத்தான் இருக்கு, திறந்து காட்டிறன்” என்று நான் அதைக் கையில் எடுத்தது பெரிய பிழை. பூட்டுக்குள் சந்தனம் இறுகித் திறப்பு நுழையவில்லை. “ஒரு நிமிசம் நில்லுங்கோ” என்று குசினிக்குள் போய்ச் சுத்தியலோடு வந்தேன். அது அதைவிடப் பெரிய பிழை. வெளியே எலிவேற்றர் மூடுகிற சத்தம் கேட்டது. ராகுலன் மட்டும் “சொறி அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் படிகளால் ஓடினான். ஒன்பது மாடி, ஐயா.

இனி எழுதுவது என் வீட்டில் எவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவனாக இருந்தேன். மயிரிழை போலக் கோடு போடுவேன். ஒரு காலை, சோதனைச் சாவடியில் சைக்கிளும் கோதுமை மாப் பையுமாக நின்றபோது ஒருவன் துவக்கு முனையை என் நெஞ்சில் வைத்து, அரை மணித்தியாலம் அப்படியே வைத்திருந்தான். எந்தப் படை என்று எழுத மாட்டேன். அந்த வருடங்களில் எல்லாருடைய துவக்கும் ஒரே உயரத்தில்தான் நீண்டது. அவன் சுடவில்லை, போ என்றான், போனேன். அன்று தொடங்கிய கை நடுக்கம் கனடாவுக்கும் கூடவே வந்தது. குளிசைக்கும் நிற்கவில்லை. நீக்கிலாஸோடு போனபோது அவர் தன் துவக்கைக் கழற்றி மேசையில் பரப்பிக் காட்டினார். ஒரு குழாய், ஒரு சுருள்வில், சில ஆணிகள். இதற்கா இவ்வளவு காலம் பயந்தேன் என்று அழுகை வந்தது. பழையபடி பூட்டித் தாரும் என்று அவர் சொல்ல, நான் பூட்டினேன். கை நடுங்கவில்லை. அதற்குப் பிறகு நடுங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தது நான்தான். பீரிசில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. தாங்கள் அதைக் கவனித்திருக்க நியாயமில்லை.

ஆனால் கஜனி நான்கு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்றாள். என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை முறைப்படி அறிவித்துவிட்டு, துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தேன். அதிகாரி, பூட்டுக்குள் மஞ்சளாக இருப்பது என்ன என்று கேட்டார். கடவுளுக்குப் பூசியது என்றேன். அவர் யோசித்துவிட்டு, ‘மஞ்சள் பசை’ என்று எழுதிக்கொண்டார். பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் உள்ளது. அன்று பின்னேரமே கை பழையபடி நடுங்கத் தொடங்கியது, எழுத்து கோணலானது அதனால்தான். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் வீட்டில் இப்போது துவக்கு இல்லை. என் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

தங்கள் வீட்டில் நோய் நொடி இல்லாமல் எல்லாம் நிறைவாக இருக்க அம்பாளை வேண்டுகிறேன். துணைவியாருக்கு என் மன்னிப்பையும், ராகுலனின் முழங்கால்களுக்கு என் விசாரிப்பையும் தெரிவிக்கவும்.

பணிவுடன்,
சி. தில்லையம்பலம்

பிற்குறிப்பு: இனி ஒளிக்கத் தேவையில்லை என்று நினைத்து, உறையை ஒட்டுமுன் பிழை பார்க்கச் சொல்லிக் கஜனியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு அழுதாள். பிறகு, “அப்பா, எனக்கும் ராகுலனுக்கும் எழுத்து ஓகஸ்ற்றிலேயே முடிஞ்சுது, சிற்றி ஹோலிலை” என்றாள். கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று என் மனைவி, மற்றது தங்கள் துணைவியார். அன்று எல்லாரும் கூடியது, ஒன்றும் அறியாத தங்களதும் எனதும் சம்மதத்தை முறைக்குப் பெறத்தானாம். இதை எப்படிச் சொல்வதென்ற பயத்தில்தான் பிள்ளை சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். “வியாழனுக்கு முதல் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?” என்று கேட்டேன். சந்திரவதனா குசினியிலிருந்து, “திருவலையை அறுக்கேக்கை நீங்கள் என்னைக் கேட்டனீங்களோ?” என்றாள். ஆகவே சந்தனம் பூட்டுக்குள் போனதைப் பற்றி மேலே எழுதியதில் ‘தவறி’ என்ற சொல்லை வெட்டிவிடவும். அப்படிக் கேட்டபோது அவள் சோதனைச் சாவடிக் கதை உள்ள நடுப்பக்கத்தை வாசித்திருக்கவில்லை. இப்போது வாசித்துவிட்டாள். இனித் திருவலைக் கதை எடுக்க மாட்டாளாம். கொடுத்த துவக்கைப் பொலிசார் திருப்பித் தர மாட்டார்கள், கேட்டுப் பார்த்தேன்.

ஆக, சம்பந்தி, சப்பாத்தை எடுக்கவாவது ஒருமுறை வாருங்கள். தேத்தண்ணி நான்தான் கொண்டுவருவேன். பீரிசில் கொஞ்சம் சிந்தும், குறை நினைக்க வேண்டாம்.