அர்த்தம் சொல்கிறவர்

அர்த்தம் சொல்கிறவர் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்தான். மாப்பிள்ளை பெண்ணின் காலைத் தூக்கி அம்மிமேல் வைக்கும்போது, அது ஏன், எதற்கு, முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை என்று மூன்றாவது வரிசை நாற்காலியிலிருந்து ஒரு குரல் வருகிறதே, அவர். சாவு வீட்டில் நீங்கள் அழ வாயெடுப்பதற்குள், போன உயிர் இந்நேரம் எங்கே இருக்கும் என்று தடம் சொல்கிறாரே, அவரேதான். உண்டியலில் பத்து ரூபாய் போட்டால் அது எந்தப் பிறவியில் என்ன உருவத்தில் திரும்பி வரும் என்பதும் அவருக்குத் தெரியும். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் வெட்டவெளி. ஊர்ப்பட்ட ஜனம் பார்த்துவிட்டுப் பேசாமல் கும்பிட்டு வருகிறது. அவருக்கு அதை விளக்க இருபது நிமிடம் வேண்டும்.

கெட்டவரா? இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாமே.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் கார்த்திகேசனைப் பாருங்கள். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சிலிருந்து ஓய்வு பெறாதவர். மனைவி ஞானாம்பாள். முப்பத்திரண்டு வருடமாகக் குக்கர் விசிலுக்கு நடுவே அர்த்தம் கேட்டுப் பழகியவர்.

போன ஆடியில் ஞானாம்பாளின் தம்பி எழிலன், சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டியவன், நாற்பத்தாறு வயதில் மாரடைப்பில் போய்விட்டான். கார்த்திகேசன் மாலை வாங்குவதற்கு முன்பே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எழிலனின் மனைவி சத்யப்பிரியா சுவரோடு சாய்ந்து கிடந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "புண்ணிய ஆத்மாம்மா. அதான் ஆண்டவன் சீக்கிரம் கூப்புட்டுகிட்டான்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்க ரொம்ப நாளு இருப்பிங்கண்ணே."

கார்த்திகேசன் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டார்.

ஞானாம்பாள் மட்டும் அழவில்லை. தூக்கி வளர்த்த தம்பி. ஆனால் கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. எப்படி வரும்? அழுகை கிளம்பும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் ஆன்மா அழியாதது என்று ஆரம்பித்துவிடுகிறாரே.

முப்பதாம் நாள், எழிலன் வீட்டில் கார்த்திகேசன் தன் செலவில் ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களுக்கும் தெருக்காரர்களுக்கும் அன்னதானம் போட்டார். அறுபது இலை. சோறு விழுந்து, சாம்பார் விழுந்து, யாரும் கை வைக்கவில்லை. ஏனென்றால் உப்பை ஏன் முதலில் வைக்கிறோம் என்பதிலிருந்து கார்த்திகேசன் தொடங்கியிருந்தார். அவர் கூட்டுக்கு வருவதற்குள் சாம்பாரில் ஆடை படிந்துவிட்டது. கடைசி இலையிலிருந்து ஆண்டி என்ற கிழவர், எழிலனின் பழைய கூட்டாளி, மெல்லச் சொன்னார்: "சார், எழிலன் இருந்தா இந்நேரம் ரெண்டாந்தரம் சோறு கேட்ருப்பான்."

பந்தி சிரித்தது. வாளியோடு நின்ற ஞானாம்பாளும் சிரித்தார். சிரித்த உதடு கோணியது, கண் நிறைந்தது. இதோ வந்துவிட்டது, முப்பது நாளாக வராதது. கார்த்திகேசன் சட்டென்று திரும்பி, இலை முன்னால் ஏன் கண்ணீர் விடக் கூடாது என்று விளக்க ஆரம்பித்தார்.

வந்தது உள்ளே போய்விட்டது.

அன்று சாயங்காலம் கடலூர் திரும்ப ஞானாம்பாள் பையைக் கட்டவில்லை. "நீங்க போங்க. நான் வரல."

"ஏன்? என்னா காரணம்?"

"அதையும் நீங்களே சொல்லிக்குங்க."

ஒன்பது நாள். சிதம்பரத்தில் ஞானாம்பாள் தினமும் கோயிலுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார். கடலூரில் கார்த்திகேசனிடம் அர்த்தம் கைவசம் நிறைய இருந்தது, கேட்க ஆளில்லை. சுவரில் போகும் பல்லியிடம் எவ்வளவுதான் சொல்வது? பத்தாம் நாள் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். ஞானாம்பாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வூடு போய்ச் சேர்ற வரைக்கும் எதுக்கும் வெளக்கம் சொல்லக் கூடாது."

திரும்பும் பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் வந்தது. ஆற்றைப் பார்த்ததும் கார்த்திகேசன் வாய் திறந்தார், இருமலாக மாற்றிக்கொண்டார். முட்லூர் போயிற்று. புதுச்சத்திரத்துக்கு அருகே சாலையோரம் ஓர் ஆட்டோ பஞ்சராகி நின்றது. ஓட்டுநர் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். ஞானாம்பாள் அழத் தொடங்கினார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அழுகை. ஆலப்பாக்கம் தாண்டியும் ஓயவில்லை. கார்த்திகேசனுக்கு அந்த நிமிடத்துக்குப் பொருத்தமான விளக்கம் ஏழு தெரியும். ஏழையும் விழுங்கினார். தோள் துண்டை எடுத்து நீட்டிவிட்டு, தோளையும் கொடுத்தார். கடலூர் வரைக்கும் ஒரு சொல் இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அந்த அம்மாளுக்குப் புருஷன் துணையாக இருந்த முக்கால் மணி நேரம் அது.

இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ குடிக்கலாமா?" என்றார் ஞானாம்பாள்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். மறுநாள் காலை மஞ்சக்குப்பம் டீக்கடையில் கார்த்திகேசன் மௌனத்தின் பெருமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்.

சரி, சிரித்தது போதும். அந்த ஆட்டோவைப் பார்த்ததும் ஞானாம்பாள் ஏன் அழுதார் என்று உங்களுக்கு ஒரு காரணம் தோன்றியிருக்குமே? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்திருக்குமே? இந்த வாரம் நீங்கள் துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டில், உங்களைக் கண்டதும் ஒருவர் எழுந்து உள்ளே போனால், காபி போடத்தான் போகிறார் என்று நம்பிக்கொள்ளுங்கள்.