வெங்காயத்தின் விலை குறித்து அத்தானுக்கு

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகனும் மருமகளும் உடல்நலத்தோடு இருக்கிறோம். அங்கு தாங்களும், அக்காவும், அக்காவின் முழங்காலும், தங்கள் மளிகைக் கடையும் நல்லபடியாக இருப்பதாக எண்ணிக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.

சென்ற மாசம் போனில் தாங்கள், "ஏன்யா, அங்க ஒரு கிலோ வெங்காயம் நம்ம காசுல அவ்வளவாமே? அது என்ன ஊரா, வழிப்பறிக் கூட்டமா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனை வாங்கி முழங்காலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததால் என் பதில் அப்படியே நின்றுபோயிற்று. முப்பத்து நாலு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவன், கடமை தவறாமல் சொந்த அத்தான் கடைத் தராசையே சோதித்து மூன்று வருஷம் அவரோடு பேச்சில்லாமல் இருந்தவன், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது. போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும் அத்தான். கடிதமென்றால் ஒரு மத்தியானம் போகும்.

இங்கே மத்தியானம் நிறைய இருக்கிறது. ஆறே முக்காலுக்கு மருமகள் போகிறாள், ஏழேகாலுக்கு மகன் போகிறான், அதற்கப்புறம் ராத்திரி ஏழு வரைக்கும் இந்த நாலாவது மாடியில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் நடுநடுவே நிறுத்திவிடும். அப்போதுதான் அது இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது என்றே தெரியும். எதிர் கட்டடத்தில் ஒரு ஜன்னல், அதில் ஒரு பூந்தொட்டி, மூன்று மாசமாகியும் தண்ணி ஊற்றுகிற ஆளை நான் பார்த்ததில்லை. வந்த புதிதில் கடைக்குப் போனேன். ஒவ்வொரு சாமானையும் நம்ம காசுக்கு மாற்றிப் பார்த்து, மாற்றிப் பார்த்து, வெறும் பையோடு திரும்பி வந்தேன். மகன் சொன்னான், "அப்பா, இப்படி மாத்திக்கிட்டே இருந்தா பட்டினிதான் கிடக்கணும்." எனக்கு என்ன தோணுச்சுன்னா, இவ்வளவு விலை வைக்கிறவன் எடையில மட்டும் யோக்கியனா இருப்பானா? ரிடையர் ஆனப்போ ஆபீஸ்ல பரிசாக் கொடுத்தாங்களே அரைக் கிலோ பித்தளை எடைக்கல்லு, அது என் பெட்டியிலதான் இருந்துச்சு. ஏன் எடுத்துட்டு வந்தேன்னு கேக்காதீங்க, மருமகளும் கேட்டா. மறுநாள் அதைக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டு போய், காய்கறி எடை போடுற மிஷின் மேல வச்சேன். அதுல படம் படமா இருக்கும், நாமளே அமுக்கணும். வெங்காயப் படம் தெரிஞ்சுது, அமுக்கினேன். கிர்ருனு ஒரு சீட்டு வந்துச்சு. வெங்காயம், அரைக் கிலோ, விலை இவ்வளவு. குண்டுமணி பிசகல. முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு ஒழுங்கான தராசை நான் பார்த்ததில்லை, அதுதான் என் கெட்ட நேரம். சீட்டை ஒட்டிக்கிட்டு நிக்கிறப்போ காவலாளி வந்துட்டான். ஒரு கிழவன், கையில பித்தளைக் கட்டி, அது மேல வெங்காயம்னு சீட்டு. அவன் என்ன நினைப்பான் பாவம்.

அப்போ என்னைக் காப்பாத்தினது அந்தக் கடையில பில் போடுற ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும், இந்த ஊர்க்காரங்க இல்லை, நம்மளை மாதிரியே எங்கேயோ கூலி கம்மியான தேசத்துலேருந்து வந்தவங்க. அவங்களுக்கு இந்த ஊர் பாஷை அரைகுறை, எனக்கு முக்கால் குறை, அதனால ஒருத்தர் பேசினது இன்னொருத்தருக்கு நல்லாவே புரிஞ்சுது. எடைக்கல்லைக் கையில வாங்கிப் பார்த்துச் சிரிச்சு, காவலாளியை அனுப்பி வச்சாங்க. அன்னியிலேருந்து எனக்கு "கிலோ"ன்னு பேரு. நான் அரைக் கிலோதான்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

உங்க கேள்வியை நான் அவங்ககிட்டதான் கேட்டேன். வெங்காயத்தைக் கையில எடுத்துக் காமிச்சு, "இதைப் பறிச்சவனுக்குக் கூலி, லாரி ஓட்டினவனுக்குக் கூலி, அடுக்கினவனுக்குக் கூலி, இந்தக் கடைக்கு வாடகை, எனக்குச் சம்பளம், எல்லாம் இந்தத் தோலுக்குள்ள இருக்கு கிலோ. இங்க கை எல்லாம் விலை ஜாஸ்தி, அதனால வெங்காயமும் ஜாஸ்தி"ன்னாங்க. "எங்க ஊர்ல பாதிகூட இல்லையே"ன்னேன். "எங்க ஊர்லயும்தான். ஆனா நான் இங்க ஒரு கிலோவுக்கு அஞ்சு நிமிஷம் வேலை பார்த்தா போதும். என் தங்கச்சி அங்க முக்கால் மணி நேரம் பார்க்கணும். அங்க வெங்காயம் மலிவு இல்லை. நாங்கதான் மலிவு"ன்னாங்க. சொல்லிட்டு பாக்கிச் சில்லறையைக் கொடுத்துட்டு, அடுத்த ஆளைப் பார்த்து "வணக்கம்"னு சொல்லிட்டாங்க. அத்தான், கோவிச்சுக்காதீங்க, உங்க கடையில மூட்டை இறக்குறாரே ஒருத்தர், அவர் ஒரு கிலோ வெங்காயத்துக்கு எத்தனை நிமிஷம் வேலை பார்க்கணும்? எனக்குத் தெரியணும்னு இல்லை. நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்க.

கப்பல்ல வர்ற சாமான்கூட அங்கேயும் இங்கேயும் ரொம்ப வித்தியாசம் இல்லையாம், எண்ணெய், சர்க்கரை மாதிரி. கையைக் கப்பல்ல ஏத்த முடியாதுல்ல, அதனால கைவேலைக்குத்தான் இங்க யானை விலை. முடி வெட்டப் போனேன். பாதி வெட்டின பிறகுதான் சுவத்துல இருந்த விலைப் பட்டியல் கண்ணுல பட்டுச்சு. மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சிருந்தேன், அதான் மொதல்ல தெரியல. மீதியை வெட்ட வேண்டாம்னு எழுந்து, பாதிக் காசுதான் தருவேன்னு நின்னேன். அந்த ஆள் முழுசும் வாங்கிக்கிட்டுப் பாதியோட அனுப்பிட்டான். ஞாயித்துக்கிழமை மகன் குளியலறையில பேப்பரை விரிச்சு, என்னை ஸ்டூல்ல உக்கார வச்சு, மீதியை அவனே வெட்டினான். கோணல்மாணல்தான். ஆனா என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் என் தலையில சொந்தம்னு ஒருத்தர் கை வச்சது அன்னிக்குத்தான். வெட்டி முடிஞ்சும் நான் எழுந்திருக்கல. "முடிஞ்சுதுப்பா"ன்னான். "பின்னாடி இன்னும் கொஞ்சம் இருக்கு பாரு"ன்னேன். ஒண்ணும் இல்லை.

அப்புறம் தினம் கடைக்குப் போக ஆரம்பிச்சேன். வரிசையில நிக்க கையில ஏதாவது வேணுமே, அதனால ஒரு நாளைக்கு ஒரு சாமான். ஒரு நாள் மருமகள் ஃபிரிட்ஜைத் திறந்துட்டு, "மாமா, எதுக்கு பதினாலு எலுமிச்சம்பழம்?"னு கேட்டா. உடம்புக்கு நல்லதுன்னு சொல்லி வச்சேன். அவ அன்னிக்கு எல்லாருக்கும் ஜூஸ் போட்டா. மறுநாளும் போட்டா.

போன வாரம் கடையில பில் போடுற இடத்தையெல்லாம் எடுத்துட்டு, ஆறு மிஷின் வச்சுட்டாங்க. சாமானை மிஷினுக்கு நம்மளே காட்டி, நம்மளே பையில போட்டு, நம்மளே காசு கட்டணும். ஆளுக்குச் சம்பளம் ஜாஸ்தி, மிஷின் மலிவாம். நம்ம ஊர்ல தலைகீழ், மிஷின் விலை ஜாஸ்தி, ஆள் மலிவு, அதனாலதான் உங்க கடையில எடை போட ஒருத்தர், பொட்டலம் கட்ட ஒருத்தர், எழுத ஒருத்தர், மூணு பேரையும் திட்ட நீங்க. அந்த மிஷின் பேசவும் செய்யுது. "பையில் எதிர்பாராத பொருள் இருக்கிறது"ன்னுச்சு. "எலுமிச்சம்பழம்மா, நேத்தும் இதேதான் வாங்கினேன்"னு சொன்னேன். மறுபடியும் அதையே சொல்லுச்சு. பின்னாடி நின்ன பொண்ணு என்னை ஒரு மாதிரியாப் பார்த்தா. அந்தம்மாவைப் பத்தி காவலாளிகிட்ட கேட்டேன், வேற வேலைக்கு மாத்திட்டாங்கன்னான். என்ன வேலைன்னு அவனுக்குத் தெரியல. அவங்க பேரும் எனக்குத் தெரியல, அதனால அதுக்கு மேல கேக்க முடியல.

அதுலேருந்து நாலு நாளா நான் வெளியில போகல. ஆகவே அத்தான் அவர்களே, ஆறு மாச டிக்கெட்டை மாற்றி வரும் சனிக்கிழமையே கிளம்புவதாக முடிவு செய்து மகனிடமும் சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடியது, இருந்தாலும் சரியென்றான். மாடி அறையை அக்காவைத் தூசி தட்டி வைக்கச் சொல்லவும். முழங்கால் வலித்தால் தாங்களே தட்டவும். இந்த ஊரில் எல்லாமே அநியாய விலை, மனிதன் இருக்கத் தக்க இடமில்லை என்பதே தங்கள் கேள்விக்கு என் முடிவான பதில்.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் இருவரையும் நினைத்து வணங்கி, வியாபாரம் செழிக்க வேண்டிக்கொண்டு நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் வாசல் மணி அடித்தது. திறந்தால் அந்தம்மா, ரெண்டு கையிலும் பை, நாலு மாடி ஏறி மூச்சு வாங்குது. வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில போட்டுட்டாங்களாம். மகன் நேத்து போன்லயே ஆர்டர் போட்டிருக்கான், எனக்குச் சொல்லவே இல்லை. "கிலோ! நீ இங்கதான் இருக்கியா!"ன்னாங்க. ஒரு வீட்டுக்கு ரெண்டு நிமிஷம்தான் கணக்காம், பதினோரு நிமிஷம் உக்காந்தாங்க. பேரு கேட்டுக்கிட்டேன், ஆனா எழுத வரல, வாயில நுழையறதே கஷ்டம். மேலே விலையைப் பத்தி எழுதினதையெல்லாம் அடிச்சுடுங்க, மூட்டை இறக்குறவர் விஷயத்தைத் தவிர. டிக்கெட்டை மாத்த வேண்டாம்னு மகனுக்குப் போன் பண்ணிட்டேன். அறையைத் தட்ட வேண்டாம். அந்தம்மா இந்தத் தெருவுக்கு அடுத்த தடவை வர்றது வியாழக்கிழமையாம். இன்னிக்குத் திங்கள்தான் ஆகுது.