கழித்துப் போட்ட குரல்கள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது மூன்று, கொழுந்தனார் பிள்ளை ஒன்று, ஆக நாலு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேரும் பட்டம் வாங்கினவர்கள். அந்த நாலு பேருக்கும் தெரியாமல் நாற்பது வருஷம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன் என்றால் என் சாமர்த்தியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விஷயம் இதுதான்: எனக்குப் படிக்க வராது.

இரண்டாம் வகுப்போடு சரி. தம்பி பிறந்தான், தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது, பள்ளிக்கூடம் நின்றது. எழுத்து தெரியும். ஒவ்வொன்றாகப் பிடித்து, பக்கத்து எழுத்தோடு சேர்த்து, அது ஒரு சொல் ஆவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். ஆனாலும் தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரை விரித்து அரை மணி நேரம் உட்காருவேன். நடுநடுவே ‘ச்சு ச்சு’ என்று வருத்தப்படுவேன். (படம் போட்டிருந்தால் எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்துவிடும். படம் இல்லாத பக்கம் கொஞ்சம் ஆபத்து. ஒருமுறை கல்யாண விளம்பரத்துக்கு ச்சு கொட்டிவிட்டேன்.)

படிப்பு இல்லையே தவிர, தரம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தொட்டியத்தில் வாழைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டு, வீட்டுக்காரருடைய வாழைக்காய் மண்டியில் முப்பது வருஷம் தார் பிரித்தவள் நான். பார்த்த உடனே முதல் தரம், இரண்டாம் தரம், கழிசல். காரணம் சொல்லக் கூடாது. சொன்னால் எதிராளி பேரம் பேச ஆரம்பித்துவிடுவான். கையைக் காட்டினால் தார் அந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

என் கடைக்குட்டி தேன்மொழி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். வாரத்தில் ஐந்து நாள் சம்பளத்துக்கு எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை துவாக்குடியில் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து சம்பளமில்லாமல் எழுதுவாள். அவர்கள் செய்வதை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம், மாற்றியதை இன்னும் நாலு பேருக்குக் கொடுக்கலாம். “யாருக்குடி கொடுக்கறீங்க?” என்று கேட்டேன். “யாருக்கு வேணுமோ அவங்களுக்கு” என்றாள். சித்திரைத் தேருக்கு நீர்மோர் ஊற்றுகிறவர்கள்கூட டம்ளரில்தான் ஊற்றுவார்கள். இவர்கள் பானையையும் கொடுத்து, பக்குவத்தையும் எழுதிக் கொடுக்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷமாக அவர்கள் செய்துகொண்டிருந்தது, தமிழில் பேசினால் தானாக எழுதும் ஒரு புரோகிராம். குழந்தை மாதிரி அதுவும் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டுமாம். அதற்காகப் பல பேரை ஆளுக்குக் கொஞ்சம் வாக்கியம் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பூக்கட்டும் ராஜாமணி தொடங்கி, சாயங்காலம் என்னோடு கோயிலுக்கு வரும் சிநேகிதிகள் பன்னிரண்டு பேரை நானே பிடித்துக் கொடுத்தேன். என்னையும் படிக்கச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அது இரண்டு மாதம் கட்டியிருந்தது.

பதிவானதை ஒருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். திரையில் வாக்கியம் தெரியும், குரல் அதைப் படிக்கும். எழுத்தும் குரலும் ஒத்துப்போனால் பச்சை டிக், இல்லாவிட்டால் சிவப்பில் குறுக்குக் கோடு. டிக் வாங்கியதை மட்டும்தான் மெஷினுக்குக் கொடுப்பார்கள். “உனக்குக் காது கூர்மைம்மா, மத்தியானம் சும்மாதானே இருக்கே” என்று தேனு ஒரு டேப்லெட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் குரல் வாக்கியத்தையே முடித்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. எழுத்தை விட்டேன், குரலைக் கேட்டேன், மண்டியில் செய்ததைச் செய்தேன்.

வார்த்தையை மெல்லுகிறவனுக்குக் குறுக்கு. மூக்கால் பேசுகிறவளுக்குக் குறுக்கு. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி படிக்கிறவனுக்கும் குறுக்கு. ஒரு பெண் நன்றாகத்தான் படித்தாள், ஆனால் மாமியாரை எதிர்த்துப் பேசுகிற குரல். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குறுக்கு. அந்தக் குழுவை நடத்துகிற பிரபு என்ற தம்பி, நெட்டையாக, மரியாதையான பிள்ளை, நானூறு வாக்கியம் படித்திருந்தான். சூடான போண்டாவை வாயில் போட்டுக்கொண்டு படித்த மாதிரி இருந்தது. நானூறுக்கும் குறுக்கு. என் சிநேகிதிகள் மணி மணியாகப் படித்தார்கள், அத்தனைக்கும் டிக். (ராஜாமணி பாதியில் நிறுத்திப் பேரனைத் திட்டியதற்கும்.)

ஒருநாள் தேனு பார்த்துவிட்டு, “என்னம்மா, இவ்வளவு குறுக்கு?” என்றாள்.

“சரக்கு அப்படி” என்றேன்.

தினமும் பேப்பர் படிக்கிற அம்மா அல்லவா, நம்பிவிட்டாள். பழகிய மெஷினை, டிக் வாங்கிய குரல்களிலேயே கொஞ்சம் ஒதுக்கி வைத்துச் சோதித்துப் பார்த்தார்களாம். பிரமாதமாக எழுதியதாம். பாதிக்கு மேல் என் சிநேகிதிகள் குரல், எழுதாமல் என்ன செய்யும்?

அதை ஊருக்குக் காட்டும் நாளும் வந்தது. துவாக்குடியில் ஒரு கூடம். கிராமத்து மகளிர் சங்கங்களிலிருந்து சரஸ்வதி என்ற அம்மாள், தங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் இதைப் போடலாமா என்று பார்க்க வந்திருந்தார். அவர் சரி என்றால் இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அர்த்தம் உண்டு. வேண்டாம் என்றால் குழுவில் பாதிப் பேர் விலகுவதாக இருந்தார்கள். தேனு காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பிரபு மைக்கைப் பிடித்துப் பேசினான். பெரிய திரையில் எழுத்து ஓடியது. நான் முகங்களைப் பார்த்தேன், எனக்குச் சீக்கிரம் படிக்க வருவது அதுதான். அவன் சொன்னது ஒன்று, திரையில் விழுந்தது வேறு போலிருக்கிறது, பின்வரிசை சிரித்தது. தேனு முகம் வெளுத்தது. பிரபு மறுபடி உரக்கப் பேசினான், சிரிப்பும் உரக்க வந்தது. இன்னொரு பையன் பேசினான், ஒரு பெண் பேசினாள். அவர்களுக்குத் திரையில் ஒன்றுமே ஓடவில்லை. சரஸ்வதி அம்மாள் தரையில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். (கைப்பை மடிக்கு வந்தால் ஆள் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம்.)

எனக்குப் பொறுக்கவில்லை. “வாயில இருக்கிற போண்டாவை முழுங்கிட்டுப் பேசுங்க தம்பி” என்றேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

மைக் என் பக்கமாக இருந்திருக்கிறது. கூடமே கைதட்டியது. நான் சொன்னது, போண்டா உட்பட, ஓர் எழுத்து பிசகாமல் திரையில் நின்றதாம்.

தேனு திரையைப் பார்த்தாள், லேப்டாப்பில் எதையோ தேடினாள், என்னிடம் வந்து குனிந்தாள். பிரபுவும் பின்னால் வந்தான். அவன் கையில் இருந்த மைக்கும்தான்.

“அம்மா, பிரபு படிச்சது எல்லாத்துக்கும் குறுக்கு போட்டியா?”

“போட்டேன்.”

“அவரு தப்பாப் படிச்சாரா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷப் பழக்கம், நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. ஆனால் இரண்டு வருஷம் உழைத்த பிள்ளை காது சிவந்து நிற்கிறான். அவன் தலையில் பழியைப் போட மனசு வரவில்லை.

“தெரியலடி. எனக்குப் படிக்க வராது. காதுல விழுந்ததை வச்சுத் தரம் பிரிச்சேன்.”

காதோடு காதாகத்தான் சொன்னேன். மெஷினுக்கும் காது கூர்மை. பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாமல் நான் பொத்தி வைத்தது, ஆள் உயர எழுத்தில், புள்ளி தப்பாமல், கூடம் முழுவதும் பார்க்க ஓடியது.

“அப்ப பேப்பர்?” என்றாள் தேனு.

“படம் பார்ப்பேன்.”

அதுவும் திரையில் ஏறிவிட்டது. தேனு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன், அதுவும் கொஞ்சம் இருந்தது.

சரஸ்வதி அம்மாள் கைப்பையை மறுபடி தரையில் வைத்தார். “ஒரு மனு எழுதறதுக்கு இன்னொருத்தர் கையை எதிர்பார்த்து நிக்கிறவங்க எங்க சங்கத்துல நிறைய பேர் இருக்காங்க. அவங்க எல்லாம் இந்த அம்மா மாதிரிதான் பேசுவாங்க. தம்பிங்க பேச்சை நீங்க அப்புறம் சேர்த்துக்குங்க” என்றார். முதலில் இரண்டு ஊரில் மட்டும் போட்டுப் பார்ப்பதாகவும், மூன்று மாதம் கழித்து மற்றதைச் சொல்வதாகவும் பேச்சு. (சொன்னார். இப்போது பதினொரு ஊரில் ஓடுகிறது.)

நான் கழித்த குரல்களும் வீணாகவில்லை. மண்டிக் கழிசல் மாட்டுக்குப் போய்விடும். இவர்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற குறிப்போடு எல்லாம் அப்படியே இருக்குமாம். வேறு ஆட்கள் உட்கார்ந்து கேட்டு, பிரபுவுக்கு நானூறில் முந்நூற்றுத் தொண்ணூறு டிக் போட்டார்கள். (மீதிப் பத்து பேசட்டும் என் பக்கம்.) இனிமேல் எந்தக் குரலையும் இரண்டு பேராவது கேட்டுத்தான் தள்ள வேண்டும் என்று விதி செய்து, அந்த விதிக்குக் காரணத்தையும் என் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். “உலகத்துல யார் வேணா படிக்கலாம், எங்கம்மாவைத் தவிர” என்று வருகிறவர்களிடம் எல்லாம் தேனு சொல்கிறாள்.

வீட்டில் யாராவது முணுமுணுத்தால், மற்றவர்கள் இரண்டு விரலைக் குறுக்கே வைத்துக் காட்டுகிறார்கள். மூத்த மகனுக்குத்தான் அதிகம் விழுகிறது. பிரபு எப்போது போன் செய்தாலும் “அம்மா, கழிசல் பேசறேங்க” என்றுதான் ஆரம்பிப்பான். இப்போது ஓரளவு புரியும்படி பேசுகிறான்.

இதையும் அந்த மெஷினிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் மூச்சு விட்டால் அதுவும் நிற்கிறது, நான் பேசினால் எழுத்து எறும்பு மாதிரி ஊர்கிறது. முன்பென்றால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாம் சரி என்று தலையாட்டியிருப்பேன். மூத்தவன் மகள் மீனு பக்கத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள், நாலாம் வகுப்பு.

மீனு, அதை மூடி வச்சுட்டு இங்க வா. பாட்டிக்குப் படிக்க வராது. நீ படிச்சுக் காட்டு, ஒண்ணும் விடாம, மெதுவா.