பதினேழரை மில்லிமீட்டர்

பூமியில் திராட்சை விளையத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பழத்துக்குக் கிடைத்த மரியாதைகளில் தலையாயது, சுருளிப்பட்டி ஈஸ்வரபாண்டியின் இரண்டு ஏக்கர் பந்தலுக்குத்தான் கிடைத்தது. மற்றவர்களின் பழத்தை ஜனங்கள் தின்றார்கள், பிழிந்து குடித்தார்கள், கூடையில் வைத்துக் கூவி விற்றார்கள். ஈஸ்வரபாண்டியின் பழத்தைப் பற்றியோ, மூன்று நாட்டு மேதைகள் எட்டு மாதம் யோசித்தார்கள்.

தகராறு சின்னதுதான். வெளிநாட்டுப் பழக் கம்பெனி ஒன்று பந்தல் முழுவதையும் எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டிருந்தது. பழம் நிறம் ஏறி அறுப்புக்கு நாள் குறித்த பிறகு, கம்பெனி ஆள் வந்து ஒரு கருவியால் கவ்வி அளந்து பார்த்தார். பதினெட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பழம் பதினேழரைதான் இருந்தது. எடுக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"எடுக்காட்டிப் போறாக. கம்பம் மண்டிக்கு அனுப்பிருவோம். மிஞ்சிப்போனா பத்து நாளு தாங்கும்" என்றாள் மனைவி மூக்கம்மாள்.

பத்து நாளுக்குள் அறுத்தால் பழம், தாண்டினால் குளவிக்குத் தீனி. அறுத்து முடித்து, கொடியை வெட்டிக் கவாத்துப் பண்ணினால்தான் அடுத்த வெள்ளாமைக்குக் கொடி தளிர்க்கும். மூக்கம்மாளுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். பாவம், அவள் ஒப்பந்தத்தைப் படித்ததில்லை.

ஈஸ்வரபாண்டியும் படித்ததில்லை. ஆனால் நாற்பத்தெட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டவர் என்ற தகுதி அவருக்கு உண்டு. உத்தமபாளையம் வக்கீல் வினோத்ராஜ்தான் அதை முதன்முதலாகப் படித்தார். படித்ததும் பரவசத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணே, இது சாதாரணக் கேஸ் இல்ல. சர்வதேச வணிக நடுவர் மன்றம்! மன்றத்தோட இருக்கை லண்டன்!"

"அங்கன யாரு உக்காந்திருக்காக?"

"யாரும் உக்கார மாட்டாகண்ணே. காயிதத்துல மட்டும்தான் லண்டன். எல்லாரும் அவுகவுக வீட்டுல இருந்து கம்ப்யூட்டர்ல பேசுவாக. தீர்ப்பு வர்ற வரைக்கும் பழத்த அறுக்கக்கூடாது, விக்கக்கூடாது. இருந்தது இருந்தபடி இருக்கணும்."

"இருந்தபடின்னா?"

"பதினேழரையாவே இருக்கணும்ணே."

ஈஸ்வரபாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் அண்ணன் போட்ட வழக்கு பெரியகுளம் கோர்ட்டைத் தாண்டியதில்லை. குடும்பத்தில் லண்டன் வரைக்கும் போன முதல் தகராறு இதுதான். அன்று மாலை கமிஷன் மண்டி வேலுச்சாமி பந்தலை ஒரு சுற்று அண்ணாந்து பார்த்துவிட்டு, நாளைக்கே வண்டி அனுப்புகிறேன் என்றபோது, அவரைப் பார்க்க ஈஸ்வரபாண்டிக்குப் பரிதாபமாக இருந்தது.

"மாமா, இது இப்பப் பழம் இல்ல. 'தகராறுக்குரிய சரக்கு.'"

"அப்பிடியா மாப்ளே? அது ஈக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வேலுச்சாமி வண்டியைக் கிளப்பினார்.

விதிகளைக் குறை சொல்ல வழியே இல்லை. அழுகும் சரக்குக்கென்றே 'அவசர நடுவர்' என்று ஒருவர் உண்டு. அவர் ஒரே நாளில் நியமிக்கப்பட்டார். ஒன்பதாம் நாள் காலையில், பழத்தை அறுக்க அனுமதி தரலாம் என்றே அவருக்குத் தோன்றியிருந்ததாகப் பின்னால் தெரிந்தது.

இதற்கிடையில் பெரிய விசாரணைக்காக இரு தரப்பும் ஆளுக்கொரு நடுவரைச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவர் உறவுக்காரராக இருக்கக்கூடாது என்பது விதி. இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருமே மாமா, இல்லாவிட்டால் மாப்பிள்ளை. அலசிப் பிடித்து, லோயர் கேம்ப்பில் ஜஸ்டின் என்பவரைக் கண்டுபிடித்தார்கள். மின் நிலையத்தில் ஓய்வு பெற்றவர், நடுவர் சான்றிதழ் வாங்கியவர், முக்கியமாக யாருக்கும் எதுவும் ஆகாதவர்.

அவரைக் கேட்கப் புறப்பட்டபோது மூக்கம்மாள் பந்தலிலிருந்து ஒரு கொத்தை வெட்டி மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தாள். பறிப்புக் காலத்தில் தோட்டக்காரர் வெறுங்கையோடு ஒருத்தர் வாசலில் போய் நிற்பது இந்தப் பக்கம் வழக்கமில்லை. ஜஸ்டின் பழத்தைக் கழுவித் தின்று, "நல்ல மதுரம் கேட்டோ" என்று மலையாளத்தில் மெச்சிச் சம்மதித்தார்.

ஜஸ்டின் நேர்மையானவர். எல்லாக் கேடும் அதிலிருந்துதான் வந்தது. 'தரப்பினரிடமிருந்து ஏதேனும் பெற்றீர்களா?' என்ற கேள்விக்குப் படிவத்தில், 'ஒரு கொத்து, சுமார் நானூறு கிராம், மிக இனிப்பு' என்று எழுதினார்.

அந்த ஒன்பதாம் நாளே கம்பெனி வக்கீல்கள் அறுபத்திரண்டு பக்க ஆட்சேபணை அனுப்பினார்கள். நடுவருக்குப் பரிசு கொடுத்தது ஒரு குற்றம். தகராறுக்குரிய சரக்கில் கத்தி வைத்தது இன்னொரு குற்றம். அவசர நடுவர் நியாயவான். அறுக்கும் அனுமதியைத் தள்ளி வைத்து, பதில் சொல்ல இரு தரப்புக்கும் ஆளுக்குப் பதினான்கு நாள் கொடுத்தார்.

"வெறுங்கையோட போயிருந்தா இந்நேரம் அறுத்திருக்கலாமா?" என்று மூக்கம்மாள் கேட்டாள். தன் கையாலேயே தோட்டத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இருபதாம் நாள் அவளையே சாட்சியாக அழைத்தார்கள். போன் திரையில் நான்கு கோட்டு சூட்டுகள் தெரிந்தன. கம்பெனி வக்கீல் கேட்டதை வினோத்ராஜ் மொழிபெயர்த்தார்.

"கொத்தை வெட்டியது நீங்களா?"

"நாந்தேன். விருந்தாளியா போறவுக சும்மா போவாகளா? அத விடுங்கய்யா, இங்கன பாருங்க." அவள் போனைப் பந்தல் பக்கம் திருப்பினாள். பழம் வெடித்துச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. குளவி இரைச்சல் லண்டனுக்கே கேட்டிருக்கும்.

அவசர நடுவர் கனிவாகச் சொன்னார்: "சரக்கின் நிலை விசாரணையின் மூன்றாம் கட்டத்தில் வருகிறது. நாம் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கிறோம்."

எட்டாம் மாதம் தீர்ப்பு வந்தது. நூற்றுப் பதினான்கு பக்கம். வினோத்ராஜ் வீட்டுக்கே வந்து தமிழில் சொன்னார். ஜஸ்டின் மேல் தவறில்லை. நானூறு கிராம் ஒருவரின் நடுநிலையை அசைக்காது. ஈஸ்வரபாண்டி தன் பழத்தை அறுத்து விரும்பியவருக்கு விற்றுக்கொள்ளலாம்.

"ஜெயிச்சுட்டோம்ணே!"

ஈஸ்வரபாண்டி பந்தலைப் பார்த்தார். காய்ந்த கொத்துகளும் தகராறுக்குரிய சரக்கு என்பதால் கவாத்துக்கும் அனுமதி கிடைக்கவில்லை. சாம்பல் நோய் ஏறி, பாதிக்கு மேல் கொடி பட்டுப்போயிருந்தது. இனி வேரோடு பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நட வேண்டியதுதான்.

மூக்கம்மாள்தான் பேசினாள். "தம்பி, எல்லாரும் விதிப்படிதான் நடந்தாகளா?"

"இம்மி பிசகல மதினி. நூத்திப் பத்தாம் பக்கத்துல அதத் தனியாவே பாராட்டியிருக்காக."

"கம்பெனிக்காரவுக?"

"விதிப்படி."

"நடுவருக?"

"விதிப்படி."

"நீங்க?"

"நான் ஒரு வாய்தாகூடத் தவறல மதினி."

"அப்ப எந் தோட்டத்தக் கொன்னது யாரு?"

வினோத்ராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினார்.

"அது விசாரணைக்கு எடுத்த கேள்விகள்ல இல்ல மதினி" என்றார்.