மீட்கப்பட்ட ஒல்லாந்துப் பெட்டி

உலகத்தில் தொலைந்துபோன எந்தப் பொருளும் கடைசியில் ரொறன்ரோவுக்குத்தான் வந்து சேரும் என்பதை 'ஒல்லாந்தர்கால மரபுரிமை மீட்புக் கழகம்' 1996இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. மீட்கப்பட்டது ஒரு மரப்பெட்டி. மூடியில் ஆதாமும் ஏவாளும் செதுக்கப்பட்டிருந்தார்கள், நடுவில் பாம்பு. ரொறன்ரோவில் குடியிருந்த செலீன் அதைப் பக்கத்து அஜக்ஸ் நகரில் ஒரு டச்சுக் கிழவி பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் வாங்கி, வீட்டுக் கடதாசிகளைப் போட்டு வைத்திருந்தாள்.

பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கழகத் தலைவர் ஜெயரட்ணம் வீடு தேடி வந்தபோது அவள் பக்டரியில் வேலையில் நின்றாள். "இது யாழ்ப்பாணக் கோட்டையிலையிருந்து போன சாமான்" என்று அவர் சொன்னதும், கணவன் நீக்கிலாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற அற்பபுத்தி அவனுக்குக் கிடையாது.

உள்ளே செலீனின் அம்மாவுடைய ஞானஸ்நானப் பத்திரம் இருந்தது. பிறப்புப் பதிவு ஊரில் எரிந்துபோன பிறகு அம்மாவுக்கு மிஞ்சிய ஒரே அத்தாட்சி. கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜில் கிடக்கும் அம்மாவை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுக்க, குடிவரவுக் கந்தோரில் அதன் மூலப்பிரதியைக் கேட்டிருந்தார்கள். தவணைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. பத்திரத்தை எடுக்கப் போன அன்றுதான் பெட்டி கைமாறியது செலீனுக்குத் தெரிந்தது.

மார்க்கம் நகரில், கழகம் இயங்கிய ஜெயரட்ணத்தின் வீட்டு பேஸ்மென்ருக்கு ஓடினாள். கழகம் சும்மா இருக்கவில்லை. மூன்று கூட்டம் கூடி, ஏவாளுக்குப் பச்சைப் பட்டுத்துண்டு சாத்தி, பெட்டியைக் கண்ணாடிக்குள் பூட்டியிருந்தது. பக்கத்தில் சட்டம் போட்டு அம்மாவின் பத்திரம். லத்தீனில் இருந்தபடியால், அது 'ஒல்லாந்துக் கையெழுத்துப் பிரதி, பதினேழாம் நூற்றாண்டு' என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தது.

"அண்ணை, உது என்ரை அம்மான்ரை ஞானஸ்நானப் பத்திரம். பங்குச் சுவாமியார் எழுதினது. 1931 எண்டு கிடக்கு, பாருங்கோ."

"அது ஒல்லாந்தற்றை கணக்கு, தங்கச்சி. அவையின்ரை கலண்டர் வேறை" என்றார் ஜெயரட்ணம்.

"அம்மான்ரை பேரும் கிடக்கு. அவ உயிரோடை இருக்கிறா."

செயலாளர் சிவபாதம் கூட்டக் குறிப்பைப் புரட்டினார். "போன கூட்டத்திலை அந்த அம்மையாருக்கு ஒரு நிமிச மௌன அஞ்சலி செலுத்தியாச்சு. இனி மாத்திறதெண்டால் பொதுச்சபை கூடவேணும்."

"எப்ப கூடும்?"

"தை பிறக்கட்டும்."

செலீன் அழுதுவிட்டாள். "கடதாசி இல்லாட்டி அம்மா இஞ்சை வரேலாது, அண்ணை."

கழகம் கல்நெஞ்சக் கழகமல்ல. ஜெயரட்ணம் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு அவளை இருத்தினார்.

"உயிரோடை இருக்கிறா எண்டால் எங்களுக்கும் சந்தோசம்தானே. எங்கடை மியூசியத் திறப்பு விழாவுக்கு வரச் சொல்லுங்கோ, முதல் விளக்கை அவவே ஏத்தட்டும். கடதாசியை மட்டும் கேளாதேங்கோ. அது எங்கடை சனத்தின்ரை சொத்து."